பங்குப் புத்தகத்தில் பெயர் இல்லாத பையன்கள்

இத்தாலியின் தூரின் நகரத்துக்குப் போகிறேன் என்றதும் லிங்கோட்டோவைத் தவறவிடாதே என்றார்கள் செம்பரம்பாக்கத்து நண்பர்கள். 1923இல் திறந்த ஃபியட்டின் பழைய கார் ஆலை அது. வண்டியை ஓட்டிப் பார்க்கும் பாதையை மொட்டை மாடியிலேயே கட்டியிருக்கிறார்கள். எங்கள் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் கார் ஆலைப் பிள்ளைகள் பார்த்தால் வாய் பிளப்பார்கள். நான் வாய் பிளந்தது அங்கே அல்ல, அதே நகரின் வால்தொக்கோ பகுதியில்.

1868இல் அர்ச்சிக்கப்பட்ட சகாய மாதா பேராலயம் அங்கே குவிமாடத்தோடு எழுந்து நிற்கிறது. அதன் பக்கத்தில் ஒடுங்கியிருக்கிறது பினார்தி சிற்றாலயம். இப்போது அலங்காரமாக இருக்கிற அந்த இடம் 1846இல் வெறும் கொட்டகை. நிமிர்ந்து நிற்க உயரம் போதாமல் தரையை அரை மீட்டர் தோண்டித் தாழ்த்தினார்களாம்! அந்த ஆண்டு ஏப்ரல் 12, ஈஸ்டர் ஞாயிறன்று, தொன் போஸ்கோ என்ற குருவானவர் தம் பையன்களோடு அங்கே குடியேறினார். அதற்கு முன் மாவு மில், கல்லறைக் கோயில், வாடகை அறை, கடைசியில் திறந்தவெளி என்று எல்லா இடத்திலிருந்தும் அவர்களைத் துரத்தியிருக்கிறார்கள். பையன்கள் சத்தம் போடுகிறார்களாம்.

யார் அந்தப் பையன்கள்? மலைக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த சித்தாள்கள், கல் பாவுகிறவர்கள். நகரத்தில் தங்கள் பங்குக் கோயில் எது என்றே அவர்களுக்குத் தெரியாது.

இதைக் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர்தான் கண்ணில் நின்றது. திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பலராய்த் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கும் பிள்ளைகள். ஞாயிறு காலைப் பூசை மணி அடிக்கும்போது நைட் ஷிஃப்ட் முடித்தவன் அப்போதுதான் படுத்திருப்பான். பங்குப் புத்தகத்தில் அவன் பெயர் இல்லை. இளைஞர்கள் கோயிலுக்கு வருவதில்லை என்று நாம் வருத்தப்படுகிறோம்!

தொன் போஸ்கோவோ தம் பையன்கள் வேலை செய்த இடத்துக்கே போனார். 1852 பிப்ரவரியில் ஒரு பையனுக்காக ஒரு தச்சரோடு முத்திரைத்தாளில் போட்ட ஒப்பந்தம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. அதன்படி பையனைத் திருத்துவது சொல்லால் மட்டுமே, அடிக்கக் கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத எடுபிடி வேலை கூடாது. திருநாட்களில் விடுமுறை. தச்சரும் பையனும் பையனின் தகப்பனும் போட்ட கையெழுத்துகளோடு ஒரு குருவானவரின் கையெழுத்தும்! அதற்கு இரண்டாண்டு முன்பே, 1850இல், பையன்களுக்குள் ஓர் உதவிச் சங்கம் தொடங்கியிருந்தார். வாரம் ஐந்து காசு சந்தா. நோயில் விழுந்தவனுக்கு நாளுக்கு ஐம்பது காசு.

இளைஞர் பணி என்றால் நமக்கு கிதார், விவிலிய வினாடி வினா, வேளாங்கண்ணிப் பயணம். அவையும் வேண்டும், விளையாட்டையும் பாட்டையும் தொன் போஸ்கோ ஒருநாளும் விட்டவரல்ல. ஆனால் செபமும் சம்பளமும் அவரிடம் ஒரே பேச்சாக இருந்தன. அந்தக் கொட்டகை பேராலயமாக வளர்ந்தது அதனால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் தொடங்கிய சலேசிய சபையினர் 1906இலேயே தஞ்சாவூருக்கு வந்துவிட்டவர்கள். ஆகவே இது நமக்கு அந்நியக் கதை இல்லை. எங்கள் பக்கத்துக் கோயில்களில் நான் கேட்பது இவ்வளவுதான்: ஷிஃப்ட் பார்த்து வைத்த ஞாயிறு மாலைப் பூசை. அது முடிந்ததும் வாசலில் ஒரு மேசை. காண்ட்ராக்ட் தாளையும் சம்பளச் சீட்டையும் வாங்கிப் படித்து, பி.எஃப். பிடித்தது சரியா என்று சொல்லத் தெரிந்த ஒருவர். அதை ஒடியாவிலும் இந்தியிலும் சொல்ல இன்னொருவர்.