ஒரு நாளுக்குரிய அளவு



கடந்த பத்து மாதங்களாக நான் மெலிந்து வருவதைக் கண்டு, "ஐயாவுக்குச் சர்க்கரை முற்றிவிட்டதோ" என்று உங்களில் சிலர் கலங்கினீர்கள். நீண்ட உபவாசத்தில் இருக்கிறேன் என்று சிலர் எண்ணினீர்கள். இரண்டும் அல்ல. திருவனந்தபுரத்திலுள்ள ஒரு மருத்துவமனையில் உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அண்மையில் ஒரு விசுவாசி என்னைத் தனியே சந்தித்து, தமக்கும் மருத்துவர் அதையே சொல்லியிருப்பதாகவும், "ஜெபித்துக் குறைக்க வேண்டியதைக் கத்தியால் குறைப்பதா?" என்று வீட்டார் தடுப்பதாகவும் கூறிக் கண்ணீர்விட்டார். அவருக்குச் சொன்னதையே உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

அப்போது என் எடை 128 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் 45. ஆலயத்தில் முழங்காற்படியிட்டால் ஒருவர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. கல்லறைத் தோட்டம்வரை நடந்துபோய் அடக்க ஆராதனையைத் தொடங்கும்போது மூச்சு வாங்கும். உறக்கத்தில் மூச்சு தடைபட்டு விழித்தெழுவேன். இவற்றோடு சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்திருந்தன. பட்டினியால் பலமுறை எடையைக் குறைத்தேன். குறைந்தது அத்தனையும் திரும்பி வந்தது. எடை குறையும்போது சரீரம் அதைப் பஞ்சமாகவே கருதுகிறது. பசியைக் கூட்டுகிறது, சக்தியைச் செலவிடுவதைக் குறைக்கிறது. இது மனவுறுதியை மட்டும் சார்ந்த காரியமன்று என்று மருத்துவர் விளக்கியபோது, என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

சிகிச்சைக்கு முந்தைய 2 வாரங்கள் மிகக் குறைந்த உணவே தந்தார்கள்; கொழுப்பேறிய கல்லீரல் சுருங்கினால்தான் இரைப்பையை எளிதாக அணுக முடியும். பின்பு வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கருவிகளைச் செலுத்தி, இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றினார்கள். எஞ்சியது ஓர் ஏத்தன் வாழைப்பழத்தின் வடிவிலான குழல். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு பெரும்பாலும் அகற்றப்பட்ட பகுதியிலேயே உண்டாவதால், பசியும் தணிகிறது. இரத்தம் உறையாதிருக்க, அன்று மாலையே என்னை எழுப்பி நடக்க வைத்தார்கள்.

முதல் 2 வாரங்கள் கஞ்சித் தெளிவும் மோரும் மட்டுமே, அதுவும் மடக்கு மடக்காக. அடுத்து மசித்த உணவு. அதன்பின் மென்மையான உணவு. ஒரு முட்டையின் வெள்ளைக்கரு எனக்கு ஒருவேளை உணவாயிற்று. ஒரு வாய் அதிகமானால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். விரைந்து விழுங்கினால் வாந்தி வரும். உணவோடு தண்ணீர் அருந்தலாகாது. அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். நான்காம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. அது மீண்டும் வளரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது சேர வேண்டுமென்பதால், தட்டில் மீனும் பயறும் முதலில், சோறு கடைசியில். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடரும்.

பிரியமானவர்களே, இது ஆபத்தற்ற வழி என்று நான் சொல்லவில்லை. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னை அருகே இச்சிகிச்சைக்குச் சென்று உயிரிழந்த செய்தியை நாம் வாசித்தோம். தையலிட்ட இடத்தில் கசிவு ஏற்படலாம், இரத்தக்கசிவும் நேரலாம். ஆகவே விளம்பரத்தை நம்பாமல், மருத்துவரின் அனுபவத்தையும், தீவிர சிகிச்சை வசதியையும், பிந்தைய கண்காணிப்பையும் விசாரித்தே முடிவெடுக்க வேண்டும். அப்படி விசாரிப்பது அவிசுவாசமாகாது.

படுக்கையில் கிடந்த நாட்களில் வனாந்தரத்து மன்னாவை அடிக்கடி தியானித்தேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் ஓமர். மறுநாளைக்கென்று மிச்சம் வைத்ததில் புழு உண்டாயிற்று. தேவன் அப்பத்தை மட்டுமல்ல, அளவையும் சேர்த்தே கொடுத்தார். ஆனால் அந்த அளவின்படி சேர்க்கிற வேலை தினந்தோறும் ஜனங்களுடையதாகவே இருந்தது. அறுவை சிகிச்சையும் அத்தகையதே. மருத்துவர் எனக்கு ஓர் அளவைக் கொடுத்தார். என் மனதை அவர் அறுக்கவில்லை. இனிப்பையும் நொறுக்குத் தீனியையும் சிறிது சிறிதாக உண்டுகொண்டேயிருந்தால் இந்தச் சிறிய இரைப்பையையும் ஏமாற்றிவிடலாம். இழந்த எடை திரும்பிவிடும். மன உளைச்சலின்போது முந்திரிக்கொத்தை நோக்கி நீளும் கை இன்றும் என் கைதான். ஆகையால் ஒவ்வொரு காலையும் அன்றைய நாளுக்கு மட்டும் போதுமான பெலனைக் கேட்கிறேன்.

இந்த அளவைக் காத்துக்கொள்ள உங்கள் உதவியும் வேண்டும். வீடு சந்திக்க வரும்போது, "ஒரு அகப்பை கூட விடுகேன், ஐயா" என்று மீன்குழம்பும் மரச்சீனியும் பரிமாறுவது நம் ஊரின் அன்பு. அதை நான் அறிவேன். ஆயினும் வேண்டாமென்று ஒருவர் கையால் மறைக்கும்போது, அவருடைய தட்டை அப்படியே விட்டுவிடுவதும் அன்புதான். அசன விருந்தின் பந்தியில் பருத்த ஒருவரைக் கண்டு சிரிக்காதிருங்கள். அவர் இரவுகளில் எத்தனை முறை மூச்சுக்காக எழுந்திருக்கிறாரென்று நமக்குத் தெரியாது. இளைத்துவிட்டவரை வியாதிக்காரரென்றும் பேசாதிருங்கள்.

இப்போது என் எடை 91 கிலோ. சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றை மருத்துவர் நிறுத்தியிருக்கிறார். வட்டக்கோட்டையின் மேல்தளத்துக்குச் செல்லும் கல் சரிவில் சென்ற மாதம் நிற்காமல் ஏறினேன். 1741-இல் குளச்சலில் தோற்றுப் பிடிபட்ட டிலனாய், பின்னர் திருவிதாங்கூரின் தளபதியாகி வலுப்படுத்திய கோட்டை அது. எத்தனையோ ஆண்டுகளாகக் கீழே நின்றே கடலைப் பார்த்துத் திரும்பியவன் நான்; மேலே ஏறி நின்றபோது ஒரு ஸ்தோத்திரம் மட்டுமே வாயில் வந்தது.

உங்களில் யாரேனும் சரீரத்தின் பாரத்தால் வெட்கப்பட்டு மருத்துவரிடம் போகாமல் இருந்தால், வெட்கத்தை விட்டுவிட்டுப் போங்கள். தனியே போக அஞ்சினால் என்னிடம் சொல்லுங்கள், நான் உடன் வருகிறேன். காலை 6 மணிக்குக் கோட்டை வாசல்வரை நடக்கிறேன், விரும்புகிறவர்கள் சேர்ந்துகொள்ளலாம். மெதுவாகவே நடப்போம்.

அந்தந்த நாளுக்குரிய அளவையும், அதில் திருப்தியாயிருக்கும் இருதயத்தையும் கர்த்தர் உங்களுக்குத் தந்தருள்வாராக. ஆமென்.