மூன்றாம் மாடிக்கு ஒரு தள்ளுவண்டி

2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் எமது இல்லத்திற்குப் புதிய அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். நிறை மூன்று கிலோ, கேசம் சொற்பம், குரல் மட்டும் மிகப் பெரிது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்னர், நாற்பதைத் தாண்டிய பிராயத்தில், இறைவன் எமக்கு அருளிய இரண்டாவது பெண் மகவு. கல்லூரி மணிக்குக் கட்டுப்பட்டு நடந்து பழகிய எம்மை அன்று தொட்டு வேறொரு மணி ஆளத் தொடங்கியது.

குழந்தை பிறந்த வீட்டிற்கு ஆலோசனை கூறுவோருக்குப் பஞ்சம் உண்டோ? ஆசிரியர் ஓய்வறையில் நண்பர்கள் அனைவரும் ஒருமித்து, “மாஸ்டர், முதலில ஒரு பிராம் வாங்குங்கோ” என்றனர். பிராம் என்றும் ஸ்ட்ரோலர் என்றும் வழங்கும் குழந்தைத் தள்ளுவண்டியையே அவர்கள் குறித்தனர். சில்லு பெரிதாயிருத்தல் வேண்டும் என்றார் விஞ்ஞான ஆசிரியர். ஆங்கில ஆசிரியர், இலண்டனில் வாழும் தம் தங்கை தள்ளிச் செல்லும் மூன்று சில்லு வண்டியின் பெருமைகளை ஒரு பாடவேளை முழுவதும் விரித்துரைத்தார். கணித ஆசிரியர் விலையை மட்டும் கேட்டறிந்து மௌனமானார்.

அன்று மாலை இச்செய்தியை வீட்டில் வெளியிட்டோம். பேர்த்தியைப் பராமரிக்கவென யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த எமது அன்னையார் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார்.

“தம்பி, தூக்க ஆளில்லாத வீட்டுக்குத்தான் வண்டி வேணும். நான் என்ன செத்தே போனன்? மரக்கறி விக்கிறவன் மாதிரிப் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு திரியிறதோ?”

அவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. மூத்தவள் 2011 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவள். வளையிலே பழஞ்சேலையில் கட்டிய ஏணை, முற்றத்திலே வெண்மணல், அம்மம்மா, பெரியம்மா, வேலிக்கு அப்பால் வாழ்ந்த ஆச்சி என எத்தனையோ இடுப்புகள். ஓரிடுப்பிலிருந்து மற்றோர் இடுப்புக்கு மாறி மாறியே அவள் ஊரை அறிந்தாள். சில்லு வைத்த வண்டி எதற்கு?

ஆனால் நாம் இப்போது வாழ்வது வெள்ளவத்தையில், ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில். மின்தூக்கி இல்லை. படிகள் ஐம்பத்து நான்கு. இங்கே இடுப்புகளின் தொகையும் குறைவு. சத்திரசிகிச்சையின் மூலம் குழந்தையைப் பெற்றெடுத்த இல்லத்தரசிக்கு இன்னும் பாரம் தூக்கி நெடுந்தூரம் நடக்க இயலவில்லை. அன்னையாருக்கு எழுபத்திரண்டு வயது, முழங்கால் வாதம். எமது இடுப்போ காலை ஆறரைக்கே வீட்டை விட்டுப் புறப்பட்டு விடும்.

ஐப்பசி மாதத்து மாலையொன்றில் எம் மனைவி யன்னலருகே குழந்தையுடன் நின்றிருந்தாள். எதிரே இரண்டு கட்டடங்கள். அவற்றின் இடுக்கிலே ஒரு முழ அகலத்தில் நீல நிறம்.

“இஞ்சாருங்கோ, கிளினிக்குக்கு ஆட்டோவில போய் வந்ததைவிட ரெண்டு மாதமா நான் கண்ட வெளி இந்த யன்னல்தான். பத்து நிமிஷம் நடந்தாக் கடல் கிடக்கு. அதைக்கூடக் காணேல்லை.”

இதனை அவள் முறைப்பாடாகக் கூறவில்லை. அதனாலேயே எமக்கு உறைத்தது. வண்டி குழந்தைக்குரிய பொருளென்றே அதுவரை நாம் எண்ணியிருந்தோம். அது தாய்க்கும் உரியது என்பதை ஆசிரியர் ஓய்வறையில் எவரும் எமக்குச் சொல்லவில்லை.

அன்னையார் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் மாலை மழை ஓய்ந்ததும், “வா பிள்ளை, கடலைப் பாத்திட்டு வருவம். நான் தூக்கிக்கொண்டு வாறன்” என்று மருமகளை அழைத்தார். வண்டி வேண்டாம் என்னும் தம் வழக்கை நிரூபிக்கும் நோக்கமும் அதில் இருந்திருக்கலாம். மூத்தவளும் கூடச் சென்றாள். எமக்கோ விடைத்தாள் திருத்தும் வேலை.

கால் மணி நேரத்திற்குள் அவர்கள் திரும்பி வந்து விட்டனர். ஒழுங்கையின் நடுவழியில், வடிகாலை மூடியிருந்த கொங்கிறீட்டுப் பலகையொன்று விளிம்பு உடைந்து கிடந்திருக்கிறது. அதிலே கால் இடறி அன்னையார் முன்புறமாகச் சரிந்தாராம். சந்தியில் நின்ற முச்சக்கர வண்டிச் சாரதி ஒருவர் பாய்ந்து வந்து முழங்கையைப் பற்றியிராவிடில் என்ன நேர்ந்திருக்குமோ, முருகனுக்கே வெளிச்சம். குழந்தைக்கு ஒரு கீறலும் இல்லை. அது விழிக்கவும் இல்லை. அன்னையார் மட்டும் அன்றிரவு உணவு கொள்ளவில்லை. விளக்கணைக்கும் வேளையில், “தம்பி, அந்த வண்டியைப் போய்ப் பார்” என்றார். அதற்குமேல் ஒரு சொல்லும் கூறவில்லை. வாழ்நாள் முழுவதும் பிள்ளை தூக்கிய கைகள் தம்மை நம்ப மறுத்த அந்த இரவு அவருக்கு எத்தகையதாய் இருந்திருக்கும் என்பதை நாம் இப்போதும் நினைப்பதுண்டு.

அடுத்த சனிக்கிழமை மூத்தவளை அழைத்துக்கொண்டு கடை ஏறினோம். முதலில் புறக்கோட்டை, பின்னர் காலி வீதி. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபா வீழ்ந்தபின் இறக்குமதிப் பொருள்களின் விலை எங்கே போய் நிற்கிறதென்பதை இல்லறத்தார் அனைவரும் அறிவர். ஒரு கடையிலே இராசரதம் போன்றதொரு வண்டி. தோலுறையிட்ட கைப்பிடி, பெருஞ்சில்லு, பானம் வைக்கும் தட்டு எல்லாம் உண்டு. விலை ஓரிலட்சத்து இருபதாயிரம் ரூபா. எமது ஒரு மாத வேதனத்தை விழுங்கிய பின்னும் அதன் பசி அடங்காது.

“சேர், ஒரு கையாலேயே மடக்கலாம்” என்றார் விற்பனையாளர். அவர் மடக்கினார். நாம் இரு கைகளாலும் முயன்றோம், வண்டி இணங்கவில்லை. ஆயினும் ஆசை விடவில்லை. சிறு தொகை முற்பணமாகக் கொடுத்து வைப்போமோ என்று சட்டைப்பையைத் தடவிய வேளையில், மூத்தவள் குனிந்து வண்டியைத் தூக்கிப் பார்த்தாள். அது அவளது முழங்கால் மட்டத்திற்கு மேல் எழவில்லை.

“அப்பா, இதை மூண்டாம் மாடிக்கு ஆர் தூக்கிறது?”

எத்தனையோ வினாத்தாள்களை ஆக்கிய எமக்கு இவ்வினா ஏன் தோன்றாமற் போயிற்று!

குழந்தை வண்டியின் வரலாறும் இவ்வினாவைச் சுற்றியே அமைந்திருத்தல் வியப்புக்குரியது. 1733 ஆம் ஆண்டளவில் வில்லியம் கென்ற் என்னும் ஆங்கிலக் கலைஞர் டெவன்ஷயர் பிரபுவின் பிள்ளைகளுக்கென ஒரு வண்டியை அமைத்தார். ஆட்டையோ மட்டக் குதிரையையோ பூட்டி இழுக்கத்தக்க அவ்வண்டி, மாளிகைத் தோட்டத்தில் உலாவுவதற்கானது. அதைத் தூக்கவேண்டிய தேவை எவருக்கும் இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1965 இல், ஓய்வுபெற்ற விமானப் பொறியியலாளரான ஓவென் மக்லாரன், கனத்த வண்டியுடன் பயணஞ் செய்வதில் தம் மகள் படும் இடரைக் கண்டார். போர்விமானத்தின் தரையிறங்கு சில்லுகளை வடிவமைப்பதில் பெற்ற அறிவைக்கொண்டு, குடைபோல மடங்கும் அலுமினிய வண்டியை ஆக்கினார். அதன் நிறை ஆறு இறாத்தல். அஃதாவது மூன்று கிலோவுக்கும் குறைவு. தள்ளும் வண்டியைத் தூக்கவும் வேண்டிவரும் என்பதை ஒரு தகப்பன் உணர்ந்ததன் பயன் அது.

மறுநாள் ஞாயிறு. அடிமட்டமும் குறிப்புப் புத்தகமும் ஏந்தி நாம் வீட்டிலிருந்து கடற்கரை வரை நடந்தோம். கண்டோர் எம்மை நில அளவையாளர் என எண்ணியிருத்தல் கூடும். படிக்கட்டின் திருப்பம், வாயிற்கதவு, மின்கம்பத்திற்கும் மதிலுக்கும் இடைப்பட்ட வெளி என ஒவ்வொன்றாகக் குறித்தோம். மிக ஒடுங்கிய இடம் இருபத்து நான்கு அங்குலம். நாம் ஆசைப்பட்ட இராசரதம் இருபத்தாறு அங்குலம்! உடைந்த வடிகால் மூடிகள் மூன்று. நடைபாதை மேல் நிறுத்திய மோட்டார்ச் சைக்கிள்களை எண்ணத் தொடங்கி இடையிலே கைவிட்டோம்.

இவ்வழியே சக்கர நாற்காலியில் ஒருவர் எங்ஙனம் செல்வார் என்னும் எண்ணமும் அன்றுதான் பிறந்தது. மாற்றுத்திறனாளிகள் பொதுக் கட்டடங்களை எளிதில் அணுகுவதற்கான ஒழுங்குவிதிகள் எம் நாட்டில் 2006 ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டன. சாய்தளம் ஒன்று அமைந்தால் சக்கர நாற்காலியும் ஏறும். குழந்தை வண்டியும் ஏறும். முழங்கால் நோவும் முதியவரும் ஏறுவர். படியேற இயன்ற காலத்தில் நாம் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

அளந்தபின் தெரிவு எளிதாயிற்று. வாசகர்களுக்கும் பயன்படலாம் என்பதனால் நாம் கற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம். தானாக உட்காரும் பருவம் வரை, அஃதாவது ஏறத்தாழ ஆறு மாதம் வரை, குழந்தை மட்டமாகப் படுத்திருக்கத்தக்க வண்டியே வேண்டும். குடைபோல மடங்கும் மிக இலேசான வண்டிகள் பெரும்பாலும் அதற்கு ஏற்றவையல்ல. தோளிரண்டு, இடுப்பிரண்டு, கால்களுக்கிடையே ஒன்று என ஐந்து பட்டிகள் இருத்தல் நன்று. தடுப்பு ஒரே மிதியில் இறுகவேண்டும். கைப்பிடியிலே மரக்கறிப் பையைத் தொங்கவிட்டால் வண்டி பின்புறமாகக் கவிழும். வெயிலுக்கென மேலே துணியைப் போர்த்தினால் உள்ளே காற்றோட்டம் குன்றி வெப்பம் ஏறும். வண்டியின் சொந்தக் கூரையே போதும். மடங்கும் மூட்டுக்களைக் கட்டாயம் கவனித்தல் வேண்டும். அவற்றிலே குழந்தைகளின் விரல் அகப்பட்டுத் துண்டிக்கப்பட்டமையால், 2009 இல் அமெரிக்காவில் சுமார் பத்து இலட்சம் வண்டிகளுக்கு மூட்டு உறைகள் வழங்க நேர்ந்தது.

இன்னொன்றும் உண்டு. குழந்தை எம்மை நோக்கி இருப்பதா, தெருவை நோக்கி இருப்பதா? ஸ்கொட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் நடந்து 2008 இல் வெளியான ஆய்வொன்று, குழந்தை தம்மை நோக்கி இருக்கையில் பெற்றோர் ஏறத்தாழ இருமடங்கு பேசுகின்றனர் எனக் கண்டது. மொழி கற்பிப்பவராகிய எமக்கு இது போதாதா? இருபுறமும் திருப்பத்தக்க இருக்கையே வேண்டும் என முடிவு செய்தோம்.

இறுதியில், வெளிநாடு செல்லவிருந்த ஒரு குடும்பத்தாரிடமிருந்து பழைய வண்டியொன்றைப் பதினெண்ணாயிரம் ரூபாவுக்கு வாங்கினோம். நிறை ஏழு கிலோ. அகலம் இருபத்தொரு அங்குலம். பட்டிகளை இழுத்துப் பார்த்தோம். தடுப்பைச் சரிவில் நிறுத்திச் சோதித்தோம். மூட்டுக்களில் உறை இருந்தது. கடைசிச் சோதனையை நடத்தியவள் மூத்தவள். மடித்த வண்டியை ஒரு கையில் ஏந்தி ஐம்பத்து நான்கு படிகளையும் ஏறி வந்து, மூச்சிரைக்க, “பாஸ்!” என்றாள். இல்லத்தரசிக்குச் சாயம் மங்கிய அந்த நீலம் பிடித்திருந்தது. அன்னையார் வண்டியைச் சுற்றி வந்து, ஒரு திருநீற்றுக் கீற்றைக் கைப்பிடியில் இட்டார்.

மார்கழி பிறந்தது. மழையற்ற மாலையொன்றில் ஐவரும் இறங்கினோம். குழந்தை தாயின் கையில். வண்டி மூத்தவளின் கையில். அன்னையாரின் கை எமது தோளில். வாயிலில் வண்டியை விரித்துக் குழந்தையைக் கிடத்திப் பட்டிகளைப் பூட்டினோம். மனைவி தள்ளினாள். உடைந்த மூடிகளின் அருகே நாம் முன்னே சென்று வழி காட்டினோம். ஓரிடத்தில் மோட்டார்ச் சைக்கிள் ஒன்றுக்காகத் தெருவில் இறங்கி ஏறவும் நேர்ந்தது. அன்னையார் இடறிய இடம் வந்ததும் சற்று நின்றார். பிறகு வண்டியின் கைப்பிடியிலே மெல்லத் தம் கையையும் வைத்தார். மாமியும் மருமகளுமாக அதனைத் தள்ளிச் சென்றனர்.

மரைன் டிரைவை அடைந்தோம். புகையிரதப் பாதைக்கு அப்பால் கடல், யன்னல் இடுக்கில் அடங்காத முழுக் கடல், அந்திச் செம்மையில் விரிந்து கிடந்தது. குழந்தை அதனைக் காணவில்லை. அது தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. தாய் தடுப்பை மிதித்து இறுக்கிவிட்டு நெடுநேரம் பேசாது நின்றாள்.

இருள் கவியவும் திரும்ப வேண்டியதாயிற்று. வீடு நோக்கி வண்டியைத் திருப்பியவாறு, “நாளைக்கும் வருவம்” என்றாள்.

“ஓம் பிள்ளை, வருவம்” என்று எமக்கு முன்னதாக விடை கூறியவர் அன்னையார்.