கயிறு யார் கையில்?

தங்கச்சி வீட்டுக்காரர் தூத்துக்குடியில் படகு வைத்திருக்கிறார். போன மாதம் ஒரு சாயங்காலம் படகு வயர்லெஸ் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"16-ல ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு மச்சான். புதுசு வாங்கிரவா?"

16 என்பது சேனல். 156.8 மெகாஹெர்ட்ஸ். பெரிய கப்பலோ சின்னப் படகோ, கடலில் ஆபத்து என்றால் உலகம் முழுக்கக் கூப்பிடுகிற இடம் அதுதான். அதில் காது கேட்காத பெட்டி இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன?

கோளாறு பெட்டிக்குள்ளா, வெளியேயா? தெரிய வேண்டுமானால் சரியாக 156.8-ல் ஒரு மெல்லிய சிக்னல் வேண்டும். நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். (பயப்படாதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் காற்றில் விடக்கூடாது. பிஸ்கட் டப்பாவுக்குள் அடைத்து, பலத்தை நன்றாகக் குறைத்து, ஒயர் வழியாகத்தான் கொடுத்தேன்.)

அந்தக் காலத்தில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி கிரிஸ்டல். இப்போது சிந்தசைஸர் சிப் ஒன்று போதும். வித்தை இதுதான்: 6.4 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 256-ஆல் வகுத்தால் 25 கிலோஹெர்ட்ஸ். இது அளவுகோல். இன்னொரு பக்கம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஓர் ஆசிலேட்டர். அதன் அதிர்வெண்ணை 6272-ஆல் வகுத்து, அளவுகோலோடு ஒப்பிட்டு, இரண்டும் சமமாகும்வரை சிப் அதை விரட்டும். சமமானால் ஆசிலேட்டர் 156.8-ல் பூட்டிக்கொள்ளும். வேறு சேனல் வேண்டுமா? 6272-ஐ மட்டும் மாற்றினால் போதும்.

அந்த எண்ணைச் சிப்புக்குச் சொல்ல மூன்றே ஒயர். ஒன்றில் ஒன்றும் சைபருமாகத் தகவல். இரண்டாவது, "இப்போது படி" என்று ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒரு தட்டு. மூன்றாவது, "முடிந்தது, எடுத்துக்கொள்" என்று கடைசியில் ஒரு தட்டு.

எழுதினேன். பூட்டவில்லை. பூட்டினால் எரிய வேண்டிய பச்சை விளக்கு மூன்று ராத்திரியாக எரியவில்லை. சிப் போலி என்றேன், கடைக்காரரைத் திட்டினேன்.

நாலாம் நாள் மாப்பிள்ளை வந்தார். ஒயர்களைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்க தாத்தா முத்துக் குளிச்சவரு. அடியில இருந்து அவரு பேசுறதுக்கு ஒரே ஒரு கயிறு. இழுத்தா என்ன அர்த்தம்னு மேல உள்ளவனுக்கும் கீழ உள்ளவனுக்கும் ஒரே கணக்கு இருக்கணும். மாறிச்சு, அவ்வளவுதான். அந்தக் கயித்தப் புடிக்கிறது யாரு தெரியுமா? பொண்டாட்டி கூடப் பொறந்தவன். தங்கச்சி தாலி அவன் கையிலல்லா இருக்கு!"

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக் குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. கயிறு பிடித்த மச்சான் கதை மட்டும் இன்னும் இருக்கிறது.

அவர் போனதும் சிப்பின் தகவல் தாளை மறுபடி விரித்தேன். பெரிய இலக்கம் முதலில் வரவேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தான். நான் சிறியதை முதலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். 6272 இரும எண்ணில் 1100010000000. தலைகீழாகப் படித்துப் பாருங்கள், வெறும் 35! 35-ஐ 25 கிலோஹெர்ட்ஸால் பெருக்கினால் 875 கிலோஹெர்ட்ஸ். நடுக்கடலுக்குக் கூப்பிடக் கிளம்பியவன் மத்திய அலை வானொலிக்கு வழி கேட்டிருக்கிறேன். சிப் பாவம், என்ன செய்யும்?

நிரலில் ஒரே வரியை மாற்றினேன். பச்சை எரிந்தது. படகுப் பெட்டியில் ஒயரைச் செருகினால் சிக்னல் கணீரென்று கேட்கிறது. பெட்டி நல்ல பெட்டி! மறுநாள் படகில் ஏறிப் பார்த்தோம். ஏரியல் கேபிளின் முனை உப்புக் காற்றில் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. கேபிளை மாற்றினோம். செலவு சில நூறு ரூபாய்.

அடுத்த நாள் கரைக்கு வந்ததும் போன் செய்தார். "இப்ப நல்லா கேக்கு மச்சான்."

உங்கள் வீட்டுப் பரணிலும் 'கெட்டுப்போன' பெட்டி ஏதாவது இருக்கும். தூக்கிப்போடுவதற்கு முன், அதன் ஒயரை ஒருமுறை பாருங்கள். கடலுக்குப் போகிறவர் வீடென்றால் கட்டாயம் பாருங்கள். கயிறு உங்கள் கையில்.