பத்து வெள்ளிக்கு முப்பத்திரண்டு முனை

2023-ஆம் ஆண்டு தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தபோது என் தங்கை மகன் சொந்தமாகத் தொழில் தொடங்கினான். தாமான் வீடுகளுக்குப் போய்த் திரைச்சீலைக் கம்பி மாட்டுவது, அலமாரிக் கதவைச் சரிசெய்வது, காற்றாடி பொருத்துவது இப்படிச் சில்லறை வேலைகள். முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில் ஆட்குறைப்பு. கையிலிருந்த பணத்தில் ஒரு பழைய பேட்டரி டிரில்லை வாங்கிக்கொண்டான். தாய்மாமன் நான் சும்மா இருக்கலாமா? கிளேபாங்கில் எங்கள் வீட்டுக்கு அருகே போடும் பாசார் மாலாமில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி கண்ணில் பட்டது. உள்ளே முப்பத்திரண்டு திருப்புளி முனைகள். தங்க நிறத்தில் பளபளவென்று மின்னின. பத்து வெள்ளி. பேரம்கூடப் பேசாமல் வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

கடையில் இதை ‘பிட்’ என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். நான் முனை என்றே எழுதுகிறேன்.

அவனுக்குக் கிடைத்த மூன்றாவது வேலை ஓர் ஆசிரியை வீட்டில். சமையலறை அலமாரியின் நான்கு கதவுகள் தொங்கிப் போயிருந்தன. கீல்களைக் கழற்றி மாட்ட வேண்டும். கூலி நூற்றிருபது வெள்ளி. முதல் இரண்டு திருகுகள் எப்படியோ வந்துவிட்டன. மூன்றாவதில் முனை ‘கிர்ர்’ என்று சுற்றியது. திருகின் தலையிலிருந்த சிலுவைக் குழி வட்டக் கிண்ணமாகிவிட்டது. பையன் இன்னும் பலமாக அழுத்தினான். முனை உடைந்து, கதவின் வெள்ளைப் பரப்பில் நீளமாக ஒரு கீறலைப் போட்டு, அவனுடைய இடது உள்ளங்கையில் இறங்கியது. ஆசிரியை கைக்கு மருந்து போட்டுவிட்டார். கூலியில் அறுபது வெள்ளியைப் பிடித்துக்கொண்டார். அவரைக் குறைசொல்ல முடியுமா? கதவு அவருடையது.

மாலையில் கட்டுப்போட்ட கையோடு வந்து பெட்டியை என் மேசைமேல் வைத்தான்.

“மாமா, உங்க மேல குத்தம் சொல்லல. ஆனா இந்தப் பெட்டி வேணாம் மாமா” என்றான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவன். அப்பா ரப்பர்த் தொழிற்சாலையில் பிட்டர். அம்மா பால்மரம் வெட்டியவர். வெட்டுக்கத்தியை அம்மா லேசில் வாங்கிவிட மாட்டார். நகத்தால் சுண்டிப் பார்ப்பார், கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்ப்பார். இரும்பு மெத்தென்று இருந்தால் பாதி நிரை முடியுமுன் மழுங்கிவிடும். மிகவும் கெட்டியாக இருந்தால் வாய் பொரிந்துவிடும். கத்தி சரியில்லாமல் மரத்தில் காயம் பட்டால் கங்காணியிடம் யார் திட்டு வாங்குவது? அந்த அம்மா வயிற்றில் பிறந்துவிட்டு, நான் பளபளப்பைப் பார்த்து வாங்கியிருக்கிறேன்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பரிசோதித்தேன். அப்பாவின் பழைய அரத்தை எடுத்து முனையில் தேய்த்தேன். கடித்தது, தூள் கொட்டியது. நன்றாகப் பதம் வைத்த முனையில் அரம் வழுக்கிக்கொண்டு போகும். நல்ல முனைகளை ‘எஸ் 2’ எனப்படும் உருக்கில் செய்து, ராக்வெல் அளவில் 58 முதல் 62 வரை கடினம் வருமாறு பதம் வைக்கிறார்கள். தங்க நிறம் எதற்கும் சாட்சியல்ல. டைட்டானியம் நைட்ரைடு என்ற பூச்சு உண்மையிலேயே தங்க நிறந்தான். ஆனால் அந்த நிறத்தை எந்த மட்ட இரும்பின் மேலும் ஏற்றிவிடலாமே! ஒரு முனையிலாவது செய்தவன் பெயரும் இல்லை, அளவும் இல்லை.

இரும்பு மட்டம் என்பது பாதிக் கதைதான். மீதிப் பாதியை நினைத்தால்தான் எனக்கு இன்னும் மனம் உறுத்துகிறது. அது எனக்கு 1981-லேயே நடந்த பாடம்.

அந்த வருடம் அப்பா ஒரு பழைய ஹோண்டா சி 70 கப்சாய் வாங்கினார். அதன் என்ஜின் மூடியைக் கழற்றிப் பார்க்க எனக்கு ஆசை. வீட்டிலிருந்த திருப்புளி இங்கிலாந்துச் சாமான், உயர்ந்த இரும்பு. ஆனாலும் இரண்டு திருகுகளின் தலை வழித்துக்கொண்டு போய்விட்டது. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. உளியை ஓரத்தில் சாய்த்து வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டித் திருப்பி எடுத்தார். என் கை பலம் போதவில்லை என்றே பல வருடம் நினைத்திருந்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. பார்வைக்கு ஒரே சிலுவைபோல் இருந்தாலும் சிலுவைகள் ஒன்றல்ல.

அமெரிக்காவில் ஹென்றி பிலிப்ஸ் என்பவர் 1930-களில் பரப்பிய சிலுவைக்கு ‘பி.எச்.’ என்று பெயர். அதன் பக்கங்கள் சரிவாக இருக்கும். அதிகமாக முறுக்கினால் முனை மேலே எழும்பிவிடும். அதனால் அழுத்திப் பிடிக்க வேண்டும். 1960-களில் வந்த பொசிடிரைவுக்கு ‘பி.இசட்.’ என்று பெயர். இதன் பக்கங்கள் நேரானவை, நழுவுவது குறைவு. திருகின் தலையைக் கவனியுங்கள்: சிலுவைக்கு நடுநடுவே மெல்லிய நான்கு கோடுகள் தெரிந்தால் அது பி.இசட். ஜப்பானியர்களுடைய தரம் மூன்றாவது வகை. பல ஜப்பானியத் திருகுகளின் தலையில் சிறு புள்ளி ஒன்று இருக்கும். அதில் பி.எச். முனை அடிவரை இறங்கி உட்காராது. எங்கள் கப்சாய் மூடியில் நடந்தது அதுதான்.

பையன் கொண்டுவந்த கீல் திருகைத் திருப்பிப் பார்த்தேன். நான்கு மெல்லிய கோடுகள். ஐரோப்பிய பாணிக் கீல்களில் பெரும்பாலும் இந்த வகைதான் வரும். அவன் போட்டதோ பி.எச். முனை. உலகத்திலேயே சிறந்த பி.எச். முனையைக் கொடுத்திருந்தாலும் அங்கே ஆடத்தான் ஆடியிருக்கும்.

மறுநாள் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலாக்கா நகரில் ஓர் இரும்புக்கடைக்குப் போனேன். கைவசமிருந்த பழைய திருகுகளைத் தீப்பெட்டியில் போட்டு எடுத்துப் போனோம். எண் மனப்பாடம் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். திருகை முனையில் செருகிப் படுக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். காந்தத்தின் உதவியில்லாமலே பிடித்துக்கொண்டு, ஆட்டினாலும் ஆடாமல் இருந்தால் அது பொருத்தமான முனை. நான்கு சிறகுகளும் ஒரே அளவாக இருக்கின்றனவா, ஓரம் கூர்மையாக இருக்கிறதா, பூச்சு குழிகளில் திரண்டு நிற்கிறதா என்பதையும் பார்த்தோம். வீட்டு வேலையில் முக்கால்வாசிக்கு 2-ஆம் எண்ணே போதும். பி.எச். 2 இரண்டு, பி.இசட். 2 இரண்டு, கப்சாய்க்கென்று ஜப்பானின் வெஸ்ஸல் ஒன்று. மொத்தம் ஐந்தே முனை. பெட்டியின் விலையைவிடக் கூடத்தான் ஆயிற்று.

தவுக்கே எங்கள் பழைய முனையைக் கையில் உருட்டிப் பார்த்துச் சிரித்தார். “மூரா போலே, தாப்பி செக்கெஜாப் ரோசாக்” என்றார். பிறகு, டிரில்லுக்குப் பதிலாக இம்பாக்ட் வகை வாங்கினால் அதற்கென்று கழுத்து மெலிந்த முனை கேட்கும்படி சொல்லிவைத்தார். இம்பாக்ட் சுத்தியல்போல் அடித்து முறுக்கும். அந்த மெல்லிய கழுத்து சற்றே முறுகிக்கொடுத்து அடியைத் தாங்கும். சாதாரண முனை பட்டென்று ஒடிந்துவிடும்.

கிளேபாங்கில் கடல் காற்று. எண்ணெய்த் துணியில் சுற்றி வைக்காவிட்டால் எவ்வளவு நல்ல முனையும் துருப்பிடிக்கும். என் மனைவியின் தையல் இயந்திர எண்ணெயில் பாதி இப்போது இதற்குத்தான் போகிறது. அதற்குத் தனியாகப் பேச்சு வாங்குகிறேன்.

சனிக்கிழமை பையன் அந்த ஆசிரியை வீட்டுக்குத் திரும்பப் போனான். கெட்டுப்போன திருகின் தலைமேல் அகலமான ரப்பர் வளையம் ஒன்றை வைத்து, அதன்மேல் புது முனையை அழுத்தி மெதுவாகத் திருப்பியிருக்கிறான். எல்லாத் திருகும் இப்படி வந்துவிடாது, அன்று வந்தது. நான்கு கதவுகளையும் நேராக்கிக் கொடுத்தான். பிடித்த அறுபது வெள்ளியை அவர் தரவில்லை, இவனும் கேட்கவில்லை.

தங்க நிற முனைகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். பெட்டியில் இப்போது என் மனைவி சட்டைப் பித்தான்களைப் போட்டு வைத்திருக்கிறாள்.