பேராதனையின் உலர்ந்த வனம்

பேராதனைப் பூந்தோட்டத்தைக் காணச் செல்வோர் மகாவலி கங்கை வளைந்தோடும் அழகையும், மூங்கிற் புதர்களையும், ஓர்க்கிட் இல்லத்தையும் கண்டு களித்துத் திரும்புவர். அத்தோட்டத்தின் எல்லைக்குள்ளேயே பச்சை நிறமற்ற வனமொன்றும் உண்டு. அதனை நாடிச் செல்வோர் மிகச் சிலரே. அதுவே தேசிய உலர்தாவரச் சாலை.

அங்கே வரிசை வரிசையாக நிற்கும் அலுமாரிகளில் மரஞ்செடி கொடிகள் தாள்களாக உறங்குகின்றன. பூவோடும் காயோடும் பறிக்கப்பட்ட சிறு கிளை, அழுத்தி உலர்த்தப்பட்டுத் தடித்த தாளில் ஒட்டப்பட்டிருக்கும். அதன் மூலையில் ஒரு சீட்டு: பறித்தவர் யார், எங்கே, எந்நாளில் என்ற விவரம். கிளையினும் அச்சீட்டே பெறுமதி மிக்கது என்பது என் எண்ணம். இடமும் நாளும் அறியாத கிளை வெறுஞ் சருகே அன்றோ!

இத்தொகுதிக்கு உயிரூட்டியவருள் முதன்மையானவர், 1849 முதல் 1880 வரை தோட்டத்துக்குத் தலைமை வகித்த துவைற்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் தாவரங்களுக்குச் ‘சி.பி.’ எனத் தொடங்கும் எண்களை இட்டார். ஆனால் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு காலங்களிற் பறித்தவற்றையும் ஓரினமென்று கருதி ஒரே எண்ணின் கீழ் வைத்துவிட்டார். இதனாற் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் படும் பாடு சொல்லுந்தரமன்று. அவருக்குப் பின் வந்த திறைமன், 1893-இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய பெருநூலை வெளியிடத் தொடங்கி, அது முற்றுப்பெறுமுன் 1896-இல் மறைந்தார். எஞ்சிய பகுதியை ஹூக்கர் 1900-இல் நிறைவு செய்தார்.

பழஞ் சருகுகளால் இன்றைய காட்டுக்கு என்ன பயன் என மாணவர் வினவலாம். துவைற்ஸ் விவரித்த மரங்களுள் ஒன்று குருடியா சைலானிக்கா. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அம்மரம் 1911-இன் பின் எவர் கண்ணிலும் படவில்லை. 2012-இல் வெளியான தேசியச் செம்பட்டியல் அதனை அழிந்துபோன இனமெனக் குறித்தது. ஆனால் 2019-இல் கம்பஹாப் பகுதியிலே தனி மரமொன்று கண்டுபிடிக்கப்பட்டது! எந்த உயிருள்ள மரத்தோடு அதனை ஒப்பிடுவது? இத்தகைய வேளைகளிற் பழைய தாளும் பழைய விவரணமுமே சாட்சி கூற வல்லன. அம்மரமோ மத்திய அதிவேகப் பாதைக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் நின்றது. 2021 பெப்ரவரியில் அதை வெட்ட முயன்றபோது எழுந்த எதிர்ப்பினால் அவ்வேலை நிறுத்தப்பட்டது. பெயர் தெரியாத மரமாயிருந்தால் அன்றே விறகாகியிருக்கும்.

சீட்டுகளிலுள்ள இடங்களைப் படத்திற் புள்ளிகளாக இட்டு, அவ்விடங்களின் உயரத்தையும் மழையையும் வெப்பத்தையும் பொருத்திப் பார்த்தால், அவ்வினம் வேறெங்கு வாழக்கூடும் என ஊகிக்கலாம். பின்னர் அங்கே சென்று தேடலாம். எங்கே காடு அழிந்ததோ அங்கே பழைய புள்ளிகள் மட்டும் எஞ்சும். இத்தீவுக்கேயுரிய இனங்களுட் பெரும்பாலானவை, நிலப்பரப்பில் ஏறக்குறைய காற்பங்கான தென்மேற்கு ஈரவலயத்திலே ஒடுங்கியிருப்பதும் இவ்வாறு புள்ளியிட்டுப் பார்க்கையில் தெளிவாகும்.

எனினும் இப்படங்களை நம்புவதில் எச்சரிக்கை வேண்டும். பறிப்போர் பெரும்பாலும் பாதையோரங்களையும் தங்குமிடங்களின் அயலையுமே நாடினர். ஆகவே புள்ளியில்லாத இடமெல்லாம் தாவரமில்லாத இடமன்று. ஆள் செல்லாத இடமாகவும் இருக்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 வரை போர் நீடித்தமையால் அங்குள்ள காடுகளுக்கு ஆராய்ச்சியாளர் தடையின்றிச் செல்ல இயலாதிருந்தது. வன்னிக் காட்டையும் களப்புக் கரைகளையும் அறிந்த பிள்ளைகளுக்கு இங்கே வேலை காத்திருக்கிறது.

அதற்கு வேண்டிய கருவிகளும் அதிகமில்லை. கத்தரிக்கோல், குறிப்புப் புத்தகம், இரு பலகைகள், இறுக்கக் கயிறு. கிளையின் ஈரத்தை உறிஞ்சுவதற்கு இன்றளவும் பழைய செய்தித்தாளையே பயன்படுத்துகிறார்கள். அதை நாள்தோறும் மாற்ற வேண்டும். இல்லையேற் பூஞ்சணம் பிடித்துவிடும்.