சக்கரத்துக்கு ஒரு பூட்டு

மாட்டு வண்டியின் சக்கரம் அச்சை விட்டுக் கழன்று ஓடாமல் பிடித்துக்கொள்கிறதே, கடையாணி என்கிற சிறு இரும்புத் துண்டு, அதை இந்தக் காலத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ! அதற்குப் பூட்டும் கிடையாது, சாவியும் கிடையாது. சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் வெளியே வந்துவிடும். அப்படியிருந்தும் வண்டிச் சக்கரம் திருட்டுப் போயிற்று என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. திருடித்தான் என்ன செய்வது? நெஞ்சளவு உயரமுள்ள மரச் சக்கரத்தை இருட்டில் உருட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும்? போனாலும், "இது மேலத் தெருக்காரர் வண்டிச் சக்கரமாயிற்றே!" என்று பார்த்த மாத்திரத்தில் நாலு பேர் சொல்லிவிடுவார்கள்.

மோட்டார் கார்ச் சக்கரத்தின் சமாசாரம் அப்படியல்ல. ஒரு காருக்குப் பொருந்துகிற சக்கரம் அதே மாதிரி ஆயிரம் கார்களுக்குப் பொருந்தும். என்ஜினுக்கும் சாஸிக்கும் நம்பர் இருக்கிறது, ஆர்.சி. புத்தகத்திலும் அது ஏறியிருக்கிறது. சக்கரத்துக்கு அப்படி ஒரு ஜாதகம் கிடையாது. கழற்றி எடுத்துப் போய்விட்டால் அது யார் வீட்டுச் சொத்து என்று அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அதிலும் இரும்பு டிஸ்க்காக இருந்தால் திருடன் திரும்பிப் பார்க்க மாட்டான். அலுமினியத்தோடு கொஞ்சம் சிலிக்கனும் மக்னீசியமும் கலந்து வார்த்த அலாய் வீல்தான் அவன் கண்ணை உறுத்துகிறது.

பிரெஞ்சு தேசத்தில் கார் கட்டிப் புகழ் பெற்ற புகாட்டி, 1924-ல் லியோன் நகரத்துப் பந்தயத்துக்கு அலுமினியச் சக்கரம் பூட்டிய கார்களை அனுப்பினார். எடை குறையும், பிரேக்கில் ஏறுகிற சூடு சீக்கிரம் தணியும் என்பது அவருடைய யோசனை. இன்று நம் ஊரில் அலாய் வீல் வாங்குகிறவர்களில் பிரேக் சூட்டை நினைத்து வாங்குகிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம். பார்க்க லட்சணமாக இருக்கிறது, அவ்வளவுதான். பெரிய பள்ளத்தில் விழுந்தால் இரும்பு டிஸ்க் வளையும், அடித்து நிமிர்த்திக்கொள்ளலாம். அலாய் விண்டுவிடக்கூடும். நம் சாலைகளுக்கு எது உகந்தது என்று நான் சொல்லப் போவதில்லை. அழகு என்று வந்துவிட்டால் யார் யுக்தி கேட்கிறார்கள்?

என் சகலை முப்பது வருஷத்துக்கு மேல் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். மாடி வீடு உயரத்துக்கு ஒரு சக்கரம், அதைச் சுற்றி வாளிகள், மண்ணை வாரி வாரிப் பெல்ட்டில் கொட்டுகிற அந்த ஜெர்மானிய இயந்திரத்தோடு அவர் ஆயுளில் பாதி போயிற்று. "அந்தச் சக்கரத்துக்கு எந்தக் காலத்திலாவது பூட்டுப் போட்டோமா?" என்று இப்போது வேடிக்கையாகச் சொல்லுவார். ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, முத்தாண்டிக்குப்பத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு வீடு கட்டிக்கொண்டார். பணிக்கொடையில் ஒரு பகுதி காராக மாறிற்று. மகன் அலாய் வீல் பூட்டிக் கொடுத்தான். மருமகள் வீட்டார் பார்க்க வேண்டாமா?

வீடு கட்டும்போது கார் யோசனை இல்லாததால் ஷெட் இல்லை. கார் வாசலில் புங்க மரத்தடியில்தான் நின்றது. சகலைக்குத் தூக்கம் போயிற்று. டில்லி மாதிரி ஊர்களில், ராத்திரி நிறுத்தின கார் காலையில் நாலு பக்கமும் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கிற படங்களை யாரோ அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்கள். உடனே சக்கரப் பூட்டு வாங்கினார்.

பூட்டு என்றதும் திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டைப் போல ஏதோ தொங்கும் என்று நினைக்க வேண்டாம். அது ஒரு நட்டு. சாதாரண வீல் நட்டுக்கு ஆறு பட்டை உண்டு. எந்த ஸ்பேனரும் பிடிக்கும். இது உருண்டை, பட்டை இல்லை. முகத்தில் மட்டும் கோலத்துச் சிக்கு மாதிரி வளைந்து வளைந்து ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அதே வளைவுள்ள சாவியை அதில் பொருத்தி, சாவியின் மறுமுனையில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்ப வேண்டும். சக்கரத்துக்கு ஒன்று போதும். மற்ற மூன்று நட்டையும் திருடன் கழற்றிக்கொள்ளட்டும், ஒன்று பிடித்துக்கொண்டிருக்கிறதே!

இது திருட்டைத் தடுக்குமா? தடுக்கும் என்றும் சொல்லலாம், தடுக்காது என்றும் சொல்லலாம். கொஞ்சம் சின்ன அளவுப் பாக்ஸ் ஸ்பேனர் ஒன்றை அந்த உருண்டைத் தலையின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்கினால் அது கவ்விக்கொள்ளும், திருப்பிவிடலாம். இதற்கு மாற்றாக, நட்டைச் சுற்றி வெறுமனே சுழலுகிற வளையம் ஒன்றை வைத்துச் செய்கிறார்கள். கவ்வினால் வளையம்தான் சுற்றும், நட்டு சுற்றாது. அதற்கும் ஒரு வழி இல்லாமல் போகவில்லை. லண்டனில் பிராமா என்பவர் செய்த பூட்டைக் கடை ஜன்னலில் வைத்து, திறப்பவருக்கு இருநூறு கினி பரிசு என்று எழுதிப் போட்டிருந்தார்கள். அறுபது வருஷத்துக்கு மேல் ஒருவராலும் முடியவில்லை. 1851-ல் அமெரிக்காவிலிருந்து வந்த ஹாப்ஸ் என்பவர் பதினாறு நாளில், மொத்தம் ஐம்பத்தொரு மணி நேரம் உட்கார்ந்து திறந்துவிட்டார். ஆனால் ஐம்பத்தொரு மணி நேரம் ஒரு வாசலில் உட்காருகிற திருடன் எங்கே இருக்கிறான்? அவனுக்கு வேண்டியது ஐந்து நிமிஷம், சத்தமில்லாத ஐந்து நிமிஷம். பூட்டு அதைப் பத்து நிமிஷமாக்கும். சுத்தியல் சத்தத்தையும் கூட்டும். அவன் பூட்டில்லாத பக்கத்து வீட்டுக் காருக்குப் போய்விடுவான். நம் பூட்டு நம்மைக் காப்பாற்றுகிறது என்றால், பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் செலவில்தான்.

பூட்டினால் வரும் தொல்லை திருடனுக்கு மட்டுமல்ல. சாவி தொலைந்தால் சொந்தக்காரனும் திருடன் நிலைமைக்கு வந்துவிடுகிறான். பெட்டியோடு வருகிற கார்டில் ஒரு எண் இருக்கும், அதைப் பத்திரமாக வைத்தால் வேறு சாவி வரவழைக்கலாம். சகலை அந்தக் கார்டைப் பத்திரமாகச் சாவியோடு சேர்த்தே வைத்திருந்தார்! கார் ஒருமுறை சர்வீஸுக்குப் போய் வந்ததில் இரண்டும் மாயமாயின.

அது தெரியவந்தது டயர் பஞ்சரான அன்றைக்கு. கடைத்தெருவில் பஞ்சர் கடை வைத்திருக்கும் பையன் வந்தான். பையன் என்றால் முப்பது வயசு, இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். பூட்டைத் தடவிப் பார்த்தான். ஒரு பழைய பாக்ஸ் ஸ்பேனரை வைத்து நாலு அடி அடித்தான். சகலை வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் நட்டு அவன் கையில் இருந்தது. சகலைக்கு ஒரே ஆச்சரியம். நாலு சக்கரத்தையும் அப்படியே திறக்கச் செய்து, புதுப் பூட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். அந்த வாரம் முழுவதும் டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் "என்ன கைடா அவனுக்கு! பூட்டாவது ஒண்ணாவது!" என்று எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார்.

மூன்று மாதம் கழித்து, அடுத்த தெருவில் ஒரு வாத்தியார் வீட்டுக் கார் காலையில் செங்கல் மேல் நின்றது. அதிலும் பூட்டு இருந்தது. காமிராவில் பதிந்திருந்தது தலையில் துண்டு கட்டிய இரண்டு உருவங்கள். யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் ஊருக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. பூட்டைத் திறக்கத் தெரிந்தவன் ஊரில் ஒருவன்தானே? போலீஸில் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒன்றும் இல்லையென்று அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அனுப்பியதை ஊர் கவனிக்கவில்லை. கூப்பிட்டதை மட்டும் கவனித்தது. சைக்கிளுக்குக் காற்றடிக்கக் கூட அவன் கடையைத் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள்.

நான் அப்போது அங்கே போயிருந்தேன். சகலை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றாள் மைத்துனி.

"நான்தானே ஊர் பூராவும் சொன்னேன்?" என்றார் சகலை.

"நீங்கள் நல்லதாகத்தானே சொன்னீர்கள்?"

"நல்லதாச் சொன்னா மட்டும்?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

மறுநாள் சாயங்காலம், கடைத்தெருவில் ஜனம் நிறைந்திருக்கிற நேரமாகப் பார்த்து, காரை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போய்ப் பஞ்சர் கடை எதிரே நிறுத்தினார். "தம்பி! நாலு வீலையும் கழற்றி முன்னும் பின்னும் மாத்திப் போடு" என்று ரொம்ப உரக்கச் சொன்னார். டயர் தேய்மானத்துக்காகச் செய்கிற காரியம்தான். அவசரம் ஒன்றும் இல்லை. அவன் ஒரு வார்த்தை பேசாமல் ஜாக்கி வைத்து, ஒவ்வொன்றாக மாற்றினான். டீக்கடைப் பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வேலை முடிந்து, கூலியோடு சாவியையும் சகலை அவன் கையில் வைத்தார். "இது உன்கிட்டேயே இருக்கட்டும். எங்கிட்ட இருந்தா தொலைச்சிடுவேன்."

அவன் கூலியை எடுத்துக்கொண்டான். சாவியைத் துணியால் துடைத்து, மறுபடி அவர் கையிலேயே வைத்தான்.

"வேணாங்க ஐயா. நாளைக்கு உங்க வண்டிக்கு ஒண்ணு ஆச்சுன்னா, சாவி அவன்கிட்டத்தானே இருந்துச்சும்பாங்க."

சகலை சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீடு வந்து சேருகிற வரைக்கும் நாங்கள் ஒன்றும் பேசவில்லை.