துடுப்பு டயர்

துபாயிலிருந்து ஹத்தா போகிற சாலையில் 'பிக் ரெட்' என்றொரு சிவப்பு மணல் குன்று இருக்கிறது. சுமார் 100 மீட்டர் உயரம். நாலு சக்கர பைக்கில் அதில் ஏற வேண்டும் என்று நாற்பத்துநாலு வயதில் எனக்கு ஆசை வந்தது. வந்திருக்க வேண்டாம்.

வாடகைக்கு இரண்டு வகை வண்டி வைத்திருந்தார்கள். ஒன்றில் பின் டயர் முழுக்கத் துடுப்பு மாதிரி ரப்பர் பட்டைகள். முன் டயர் வழுக்கை. நடுவில் ஒரே ஒரு வரம்பு. இன்னொன்றில் சாதாரணக் கட்டி டயர். வாடகை 50 திர்ஹாம் குறைவு. பி.காம். படித்தவன் எதை எடுப்பான், சொல்லுங்கள்!

பாதி ஏற்றத்தில் வண்டி திணறியது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். பின் சக்கரம் ஏறுவதற்குப் பதில் கிணறு வெட்டியது. சாய்ந்தது, குதித்தேன். ஓரடி தள்ளி உருண்டு போனது வண்டி. வாயெல்லாம் மணல். மனசில் மகள் முகம்.

தூக்கிவிட்ட மெக்கானிக் நம்ம ராமநாதபுரத்துக்காரர். "மணலைப் பிடிச்சுக்கிட்டு ஏற முடியாது சார். வாரித் தள்ளிக்கிட்டே போகணும். அதுக்குத்தான் துடுப்பு. முன்னாடி இருக்கிற வரம்பு திருப்புறதுக்கு. காத்தையும் குறைச்சு வைக்கணும். டயர் பரந்து உட்கார்ந்தாத்தான் புதையாது."

"அப்போ எல்லா வண்டிக்கும் அதையே போட வேண்டியதுதானே?"

"கெட்டித் தரையில ஓட்டினா பட்டை சீக்கிரம் தேஞ்சிடும் சார். அது மணலுக்கு மட்டும்தான்."

நீங்கள் போனால் முதலில் டயரைப் பாருங்கள். வாடகையை அப்புறம் பார்க்கலாம். நான் மிச்சம் பிடித்த 50 திர்ஹாம் இன்னும் பர்ஸில் இருக்கிறது. செலவழிக்க மனசு வரவில்லை.